மார்கான்ஷியாவும் மாமரமும்

ஈரல் வடிவப் பிரையோஃபைட்டான மார்கான்ஷியா, ஈரப்பாறைகளில் தட்டையாகப் படர்ந்து வளர்கிறது. வேர், தண்டு, இலை என்ற வேறுபாடற்ற அதன் பசிய உடலம், கேமீட்டுகளைத் தோற்றுவிக்கும் கேமீட்டகத் தாவரமாகும். வித்துகளை உருவாக்கும் வித்தகத் தாவரமோ அதனைச் சார்ந்தே வாழும் சிற்றுறுப்பு. மாமரத்தில் இந்நிலை தலைகீழாகிறது. வேர் முதல் தளிர் வரை கண்ணிற்படும் மரம் முழுவதும் வித்தகத் தாவரமே. கேமீட்டகத் தாவரம் மகரந்தத்தூளிலும் சூலினுள் அமைந்த கருப்பையிலும் சில செல்களாகச் சுருங்கிவிட்டது.

மார்கான்ஷியாவின் ஆண் கேமீட்டுகள் கசையிழைகளால் நீரில் நீந்தியே முட்டையை அடைகின்றன. நீரின்றேல் கருவுறுதல் இல்லை. மாமரத்தில் பூச்சிகள் மகரந்தத்தைச் சூலகமுடியில் சேர்க்கின்றன. மகரந்தக்குழல் ஆண் கேமீட்டுகளைச் சூலுக்குள் கொண்டு செல்கிறது. நீந்தும் தேவை நீங்கியதால், வறண்ட நிலங்களிலும் பூக்கும் தாவரங்கள் பரவ வழி பிறந்தது.