யூதரிடையே உயிர்த்தெழும் நம்பிக்கை துலங்கிய விதம்



மரித்தோர் உடலோடு எழுப்பப்படுவர் என்பதை ஆசாரமுள்ள யூதர் இன்றும் உறுதியாக நம்புகின்றனர். ஆனால் அவர்களுடைய வேத ஏடுகளில் பழையனவற்றைப் பார்த்தால் இவ்விஷயம் தெளிவாக இல்லை. நல்லவரும் தீயவரும் இறந்தபின் 'ஷெயோல்' என்னும் இருண்ட பாதாளம் சேர்வதாகவே அவை கூறுகின்றன. நபிமார்கள் யாவரும் மறுமையைப் போதித்தனர் என்பது நமது ஈமான். அந்த ஏடுகளில் அது எப்போது, ஏன் துலக்கமாயிற்று என்பதே இப்பாடம்.

கி.மு. 586-ல் பாபிலோனியர் பைத்துல் முகத்தஸ் நகரை அழித்து, யூதரைச் சிறைகொண்டு போயினர். உலர்ந்த எலும்புகள் சதை போர்த்து எழுந்த காட்சியை எசேக்கியேல் தீர்க்கதரிசி கூறியது அச்சிறைவாச காலத்தில்தான். நாடிழந்த சமூகம் மீண்டும் தலைதூக்கும் என்பதற்கு அது உவமை. பின்னர் யூதர் சுமார் இருநூறு ஆண்டுகள் பாரசீகர் ஆட்சியில் இருந்தனர். பாரசீகரின் ஜரதுஷ்டிர மார்க்கத்திலும் மரித்தோர் எழுவர் என்ற கொள்கை உண்டு. அதன் சாயல் யூதர்மீது விழுந்தது என்பார் சிலர், மறுப்பாரும் உளர்.

பெருஞ்சோதனை கி.மு. 167-ல் வந்தது. கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், கத்னாவையும் சனிக்கிழமை ஓய்வையும் தடுத்தான். மீறியவர் கொல்லப்பட்டனர். பன்றி மாமிசம் உண்ண மறுத்து ஏழு சகோதரரும் அவர்தம் தாயும் உயிர் நீத்ததாக மக்கபேயர் இரண்டாம் நூல் சொல்கிறது. தம் கைகளை இறைவனிடம் திரும்பப் பெறுவேன் என்ற நம்பிக்கையோடு ஒருவர் அவற்றை நீட்டினாராம்.

வேதம் பேணுவோர் நீண்ட ஆயுள் பெறுவர் என்று நம்பியிருந்தவர்களுக்கு, அதைப் பேணியதாலேயே மரணம் வந்தது! கணக்கெழுதும் நமக்கு இது விளங்கும். இவ்வுலகப் பேரேட்டில் வரவும் பற்றும் நேராகவில்லை. இறைவன் நீதியாளன் எனில் பாக்கி தீர வேறொரு நாள் வேண்டும். வதைபட்டது உடல், கூலியும் உடலுக்குச் சேர வேண்டுமல்லவா? மரித்தோரில் பலர் எழுப்பப்பட்டு, மேன்மைக்கும் இழிவுக்கும் பிரிக்கப்படுவர் என்று கூறும் தானியேல் ஏட்டின் பகுதி அக்காலத்ததே என்பர் ஆராய்ச்சியாளர்.

ஆயினும் எல்லோரும் ஏற்கவில்லை. செல்வர்களும் ஆலய குருமார் பலரும் சார்ந்திருந்த சதூசேயர் மறுத்தனர். பொதுமக்களின் ஆதரவு பெற்ற பரிசேயர் ஏற்றனர். கி.பி. 70-ல் ரோமர் ஆலயத்தை இடித்தபின் சதூசேயர் மறைந்தனர். சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா', உயிர்த்தெழுதலை மறுப்பவனுக்கு மறுமையில் பங்கில்லை என விதித்தது.

வசதியாக வாழ்ந்தோர் கணக்கை இங்கேயே முடிக்கப் பார்த்தனர். அநியாயம் சுமந்தோர் தீர்ப்பு நாளைப் பற்றிக்கொண்டனர். கல்லாவின் அருகில் அமர்ந்திருக்கும் நாம், இவ்விரு கூட்டத்தாரில் எவரைப் போல் நடக்கிறோம் என்று சிந்திப்போமாக.