ஆற்றடிப் படிவும் அதன் தூய்மையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் ஓடுவது கல்லாறு. பெயருக்கேற்ப உருண்டைக் கற்களின்மீது தெளிந்த நீர் பாயும் இந்த ஆறு, ஏறத்தாழ 88 கிலோமீட்டர் நீளமுள்ள வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதியைச் சேர்ந்தது. வாமனபுரம் ஆறு மேற்கு நோக்கிச் சென்று கடற்கரையை அடுத்த காயலில் கலக்கிறது. கல்லாற்றின் படுகையில் கல்லும் பருமணலும் மிகுதி. காயலின் அடியில் மென்சேறு மிகுதி. ஒரே நீர்வழியின் இவ்விரு முனைகளையும் ஒப்புநோக்குவோர்க்கு, அடிப்படிவு ஆராய்ச்சியின் முதற்பாடம் எளிதில் விளங்கும்.

நஞ்சு படியும் விதம்

விரைந்தோடும் நீர் நுண்துகள்களைச் சுமந்து செல்லும். வேகம் குறையுமிடத்தில் அவற்றை இறக்கிவிடும். ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய உலோகங்களும் டி.டி.டி. போன்ற பூச்சிகொல்லிகளும் களிமண் துகளோடும் மட்கிய பொருளோடும் எளிதில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஆதலின் ஆற்றில் விடப்பட்ட கழிவு சில நாட்களில் கண்ணுக்கு மறைந்துவிடினும், அதன் நஞ்சு காயல்களிலும், அணைகளின் பின்புறத்திலும், மணல் அள்ளிய குழிகளிலும் தங்கிவிடுகிறது. சேற்றில் வாழும் புழுவும் சிப்பியும் அதனை உட்கொள்கின்றன. மீன் வழியாக அது மனிதரின் உணவை அடைகிறது. நீரை மட்டும் சோதித்துத் தூய்மையானது என்று முடிவு செய்தல் இதனாலேயே போதாததாகிறது.

கேரளத்திலேயே இதற்குச் சான்று உண்டு. எர்ணாகுளம் மாவட்டம் ஏலூர்த் தொழிற்பகுதியில் பெரியாற்றோடு இணையும் குழிக்கண்டம் ஓடையின் சேற்றில் 1999-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மாதிரிகளில், டி.டி.டி. உள்ளிட்ட குளோரின் கலந்த கரிமப் பொருள்கள் காணப்பட்டன.

மாதிரி எடுக்கும் முறை

மேற்படிவை எடுப்பதற்கு, தாடைகள் போல் மூடிக்கொள்ளும் இரும்புக் கருவி பயன்படும். பழைய அடுக்குகளை அறிய வேண்டுமாயின், நீண்ட குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, அடுக்கு குலையாமல் எடுத்தல் வேண்டும். உலோகச் சோதனைக்குரிய மாதிரியைத் தூய பிளாஸ்டிக் கலத்திலும், பூச்சிகொல்லிச் சோதனைக்குரியதைக் கண்ணாடிக் கலத்திலும் இட்டுக் குளிர்நிலையில் அனுப்புதல் நன்று. இடம், ஆழம், நாள், சேற்றின் நிறம், மணம் ஆகியவற்றை அவ்விடத்திலேயே குறித்துக்கொள்க.

பாறைகளிலும் இயற்கையாகவே உலோகங்கள் உண்டு. ஆகவே தொழிற்கழிவு சேராத மேற்பகுதியில் ஒப்பீட்டு மாதிரி ஒன்று தேவை. வாமனபுரம் ஆற்றை ஆராய்வோர் கல்லாற்றுப் பகுதியை இதற்கெனக் கருதலாம். எனினும் இங்கே ஒரு தவறு நேரக்கூடும். மேலாற்று மாதிரியில் நுண்துகள் 10 சதவீதம், காயல் மாதிரியில் 80 சதவீதம் எனக் கொள்வோம். இரண்டின் நுண்துகளிலும் ஈயம் கிலோவுக்கு 40 மில்லிகிராம். மணலில் ஈயம் இல்லை. முழு மாதிரியைச் சோதித்தால் முன்னதில் 4, பின்னதில் 32 மில்லிகிராம் எனக் கிடைக்கும். காயல் எட்டு மடங்கு மாசுபட்டது என்று முடிவு செய்தால், இல்லாத குற்றத்தைச் சாட்டியதாகும். இரு மாதிரிகளையும் 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, நுண்பகுதிகளை மட்டும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும்.

தூய்மை செய்தல்

முதற்செயல், கழிவு வரும் வாயிலை அடைத்தல். அது நிகழாதவரை, அள்ளிய இடத்தில் மீண்டும் நஞ்சு படியும். அதன்பின் மூன்று வழிகள் உள்ளன: சேற்றை அள்ளி அகற்றுதல், தூய மணலால் மூடுதல், புதிய படிவு இயற்கையாக மூடும்வரை கண்காணித்தல். எது ஏற்றது என்பதை நஞ்சின் அளவும், நீரோட்டத்தின் வேகமும், மக்கள் அங்கே மீன் பிடிக்கின்றனரா என்பதும் தீர்மானிக்கும்.

அள்ளுதல் எப்பொழுதும் நன்மை தருவதன்று. திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடினங்குளம் காயலில் தேங்காய் மட்டை ஊறவைக்கும் இடங்களில் பிராணவாயு குன்றி, கந்தக வாடை வீசும் கருஞ்சேறு உண்டாகிறது. இத்தகைய சேற்றில் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும் உலோகங்கள், சேறு கலக்கப்பட்டுக் காற்றுப் படும்பொழுது விடுபட்டு நீரிற் கலக்கக்கூடும். ஆகவே திரை கட்டி, மெதுவாக அள்ளி, அள்ளியதைக் கசிவில்லாத இடத்தில் சேர்த்தல் வேண்டும்.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடா இதற்குப் பெரும் படிப்பினை. அங்கு ஆலைக் கழிவின் பாதரசம் மீன்களில் சேர்ந்து, அவற்றை உண்டோரின் நரம்புகளைக் கெடுத்தது. நோய் 1956-இல் வெளிப்பட்டது. கழிவு நின்றது 1968-இல். பத்து இலட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட ஏறத்தாழ 15 இலட்சம் கன மீட்டர் சேற்றை அகற்றும் பணி 1977 முதல் 1990 வரை நடைபெற்றது. அச்சேற்றைக் கொண்டு 58 ஹெக்டேர் கடற்பகுதி மேடாக்கப்பட்டது. மீன்கள் வெளியேறாதிருக்க விரிகுடா வாயிலில் இட்ட வலை 1997-இல்தான் அகற்றப்பட்டது. ஆலை கழிவை நிறுத்தியபின்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அடிச்சேற்றுக்காகச் செலவாயின.

ஆசிரியர்க்கு

கண்ணாடிப் புட்டியில் மணல், களிமண், நீர் மூன்றையும் இட்டுக் குலுக்குக. மணல் உடனே அடியில் இறங்கும். களிமண் நெடுநேரம் மிதந்து மெல்லப் படியும். மறுநாள் நீர் தெளிந்திருக்கும். அப்பொழுது, "களிமண் எங்கே சென்றது?" என்று மாணவரைக் கேட்டு, புட்டியை மீண்டும் அசைத்துக் காட்டுக. தெளிந்த நீரின் அடியையும் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் தாமே கூறுவர்.