எதை எதோடு ஒப்பிடுவது?

டிப்ளமோ படித்து, தண்டவாளத்தோடு காலம் தள்ளியவனுக்குச் சமூகவியல் ஆராய்ச்சியில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் பலர் இன்று கலைப் பிரிவுகளில் பிஎச்.டி. செய்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகள் வந்தபின், ஆய்வு முறைகள் பற்றிய பாடத்தை முதலில் படித்தே ஆகவேண்டும். அதில் ‘ஆய்வு வடிவமைப்பு’ என்ற பகுதிதான் அவர்களைக் கலங்கடிக்கிறது. பெயர்தான் பெரிது, எதை எதோடு ஒப்பிடுவது என்பதே அதன் உயிர்.

நண்பர் மகள் ஒருத்தி, பெண்கள் பஞ்சாயத்துத் தலைவரானால் ஊருக்கு நன்மை உண்டா என்று ஆராய்கிறாள். “பெண் தலைவர் உள்ள பத்து ஊர், ஆண் தலைவர் உள்ள பத்து ஊர். இரண்டிலும் கேள்வித்தாள் கொடுத்தால் முடிந்தது மாமா” என்றாள். எனக்கு கான்கிரீட் ஸ்லீப்பர் நினைவுக்கு வந்தது. புது ஸ்லீப்பரை நேர்பாதையில் நல்ல ஜல்லியின் மேல் போட்டு, வளைவில் கிடக்கும் பழைய மர ஸ்லீப்பரோடு ஒப்பிட்டால் புதியதுதான் ஜெயிக்கும். அது ஸ்லீப்பரின் பெருமையா, இடத்தின் பெருமையா? தானாகவே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் ஊர், முன்பே படிப்பும் வசதியும் கூடிய ஊராக இருக்கலாம். அங்கே குடிநீர் நன்றாகக் கிடைத்தால் காரணம் தலைவியா, ஊரா? பத்து ஊரை நூறாக்கினாலும் இந்தச் சந்தேகம் தீராது. ஆய்வேட்டைத் திருத்துபவர் இதைக் கேட்கும்போது அவளுடைய நாலு வருஷம் போயிருக்கும்.

இதற்கு வழி நம் மேற்கு வங்கத்திலேயே இருக்கிறது. 1993-இல் அமலுக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. இங்கே தலைவர் பதவிக்கு அது 1998 தேர்தலில் வந்தது. எந்தப் பஞ்சாயத்து என்பதை யாரும் விரும்பிப் பொறுக்கவில்லை. வரிசை எண் பட்டியலில் மூன்றுக்கு ஒன்று, அவ்வளவே. ஆகவே நேர்பாதையும் வளைவும் இரு பக்கமும் கலந்துவிட்டன. கல்கத்தா ஐ.ஐ.எம். பேராசிரியர் ராகபேந்திர சட்டோபாத்யாயும், பின்னால் 2019-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் இதைப் பிடித்துக்கொண்டு பிர்பூம் மாவட்டத்தில் 161 பஞ்சாயத்துகளை ஆராய்ந்தார்கள். (போல்பூர் பகுதியில் நான் டிராலியில் போய்வந்த காலத்தில் கண்ட ஊர்கள்!) முடிவுகள் 2004-இல் வெளிவந்தன.

‘நன்மை’ என்று பொதுவாகப் பேசாமல், பெண்கள் எதற்காக மனுக் கொடுக்கிறார்கள், ஆண்கள் எதற்காக என்று முதலில் பார்த்தார்கள். பிர்பூமில் பெண்கள் அதிகம் கேட்டவை குடிநீரும் சாலையும். பெண்களுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துகளில் இரண்டுமே கூடின. ராஜஸ்தானின் உதய்ப்பூரில் பெண்கள் கேட்டது குடிநீர். சாலை ஆண்களின் கோரிக்கை. அங்கே பெண் தலைவர்களின் கீழ் குடிநீர் வேலைகள் கூடின, சாலை வேலைகள் குறைந்தன. ஓரிடத்தில் சாலை கூடுவதும் இன்னோரிடத்தில் குறைவதும் முரண்பாடு போலத் தோன்றும். உண்மையில் அதுதான் பலமான சான்று. பெண்கள் கேட்டதன் பக்கமே பணம் திரும்பியிருக்கிறது. ‘கையெழுத்து மனைவியுடையது, ஆட்சி கணவனுடையது’ என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும். ஒரே மாவட்டத்தோடு நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது.

கேள்வித்தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டுஃப்லோவும் பெட்டியா டோபலோவாவும் பல மாநிலக் கிராமங்களில் செய்த வேறோர் ஆய்வில், பெண்களுக்கு ஒதுக்கிய ஊர்களில் குடிநீர் வசதி கூடுதல், தரமும் குறைவில்லை. ஆனாலும் மக்களிடம் கேட்டால் திருப்தி குறைவு என்றே சொன்னார்கள்! கருத்தை மட்டும் கேட்டு எழுதியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும்.

ஆகவே நண்பர் மகள் இப்போது முதலில் ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தேடுகிறாள். ஒவ்வோர் ஊரிலும் அடிபம்புகளை எண்ணி, தண்ணீர் வருகிறதா என்று தானே அடித்துப் பார்ப்பதையும் திட்டத்தில் சேர்த்துவிட்டாள். கேள்வித்தாள் அதற்கப்புறம்தான்.