வீட்டு ஒழுங்கும் மருந்தே

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர் மருத்துவமனையில் கழிப்பது ஆண்டில் சில மணி நேரமே. மற்ற நாட்களிலெல்லாம் அவருடைய சிகிச்சை வீட்டில்தான் நடைபெறுகிறது. ஆகவே, வீட்டின் அன்றாட ஒழுங்கு மருந்துச் சீட்டைப் போலவே முக்கியமானது. அதனை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதை இவ்விதழில் காண்போம்.

பணி நேரமும் மாத்திரை நேரமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த நம் பகுதியில், ஷிப்ட் முறையில் வேலை செய்வோர் பலர். காலை, மதியம், இரவு எனப் பணி மாறும்போது உணவும் உறக்கமும் மாறுகின்றன. மருந்துச் சீட்டில் 'காலை' என்று எழுதியிருப்பது, இரவுப் பணி முடித்து வீடு திரும்புபவருக்கு உறங்கச் செல்லும் நேரமாகிவிடுகிறது.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். இரவுப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்கு வந்தவர் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, களைப்பில் அரை இட்லியோடு எழுந்து படுத்துவிடுகிறார். மதிய உணவுக்கும் எழவில்லை. 'பாவம், தூங்கட்டும்' என்று வீட்டார் கதவைச் சாத்துகின்றனர். ஆனால் அம்மாத்திரை, அவர் உண்டாலும் உண்ணாவிட்டாலும், கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை தோன்றும். உறங்குபவர் இவற்றைச் சொல்ல இயலாது. அயர்ந்த உறக்கமென நாம் கருதுவது ஆபத்தாக இருக்கக்கூடும்.

இதனைத் தவிர்க்க மூன்று செயல்கள் போதும். முதலாவது, அடுத்த முறை வரும்போது தங்கள் ஷிப்ட் அட்டவணையை மருத்துவரிடம் காட்டி, எந்த உணவோடு எந்த மாத்திரை என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அளவையோ நேரத்தையோ தாமாக மாற்ற வேண்டாம். இரண்டாவது, தட்டில் உணவு வந்த பிறகே மாத்திரையோ இன்சுலினோ என்பதை வீட்டின் விதியாக்குங்கள். மூன்றாவது, உறங்குபவரை இடையில் எழுப்பி உண்ணச் செய்யும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும்.

சர்க்கரை இறங்கிய அறிகுறி தெரிந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் உணவு அவசியம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

மாத்திரைப் பெட்டியும் மண்பானையும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏழு நாட்களுக்குரிய மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வையுங்கள். போட்டோமா இல்லையா என்ற ஐயம் எழும்போது பெட்டியே விடை கூறும். விட்டுப்போன வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது.

திறக்காத இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வையுங்கள்; உறைபனி அறையில் வைத்தால் பயனற்றுப் போகும். நெடுநேரம் மின்சாரம் இல்லையெனில், நீர் நிறைந்த மண்பானைக்குள் சிறு பாத்திரத்தை மிதக்கவிட்டு, அதில் மருந்தை நனையாமல் வைக்கலாம்.

வெள்ளிக்கிழமைக் கழுவல்

லாரித் தண்ணீரை டிரம்மில் சேமிக்கும் வீடுகளில் டெங்கு கொசு வளர வாய்ப்புண்டு. அக்கொசு தெளிந்த நீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை கழுவினால் அச்சுழற்சி அறுபடும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, வறண்ட பின்னும் பல மாதம் உயிர்த்திருக்கும். எனவே நீரைக் கொட்டுவது போதாது, நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மழைக்கு முன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே இரு வாரத்துக்கான மருந்தையும், சீட்டின் நகலையும் நீர் புகாத உறையில் இட்டு உயரமான இடத்தில் வையுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகள் இல்லம் தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஒருவர் தலையில் எல்லாமா?

பெரும்பாலான வீடுகளில் இவையனைத்தும் ஒரு பெண்ணின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் மாத்திரை எங்கே, அளவு என்ன என்று எவருக்கும் தெரிவதில்லை. அவர் அறிந்தவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பெட்டி நிரப்புவது மகனுக்கு, டிரம் கழுவுவது கணவருக்கு, சர்க்கரை அளவைக் குறிப்பது மகளுக்கு என்று பகிருங்கள். வாரத்தில் ஒரு நாள் அவர் எதையும் நினைவூட்டாமல் இருக்கட்டும். அன்றும் மருந்தும் உணவும் வேளை தவறாமல் நடந்தால், நோயாளரோடு அவரைப் பேணுபவரும் பாதுகாக்கப்படுகிறார் எனக் கொள்ளலாம்.