நாற்பத்தைந்துக்கு மேல் ஆசைப்படத் துணிந்த தங்கச்சிக்கு

"அக்கா, நினைச்சதை நினைச்சபடி நடத்திக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?" இப்படி என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் உன் வயதுக்காரிகள்தான். பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் போயிருப்பார்கள், அல்லது போகிற நேரம். கையில் போன். அதில் யாரோ ஒரு பெண் மேனிஃபெஸ்டேஷன் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். ஆசையைக் காலையில் மூன்று தடவை, மத்தியானம் ஆறு தடவை, ராத்திரி ஒன்பது தடவை எழுது, பிரபஞ்சம் கொண்டுவந்து கொடுக்கும் என்பாள்.

இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று மட்டுமே யோசித்த ஒருத்தி, தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நோட்டை எடுத்து எழுத உட்காருவது பெரிய காரியம். அது வீணாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

1. எழுதுகிற ஆசை உன்னுடையதாக இருக்கட்டும். உன்னைப் போன்றவர்களை எழுதச் சொன்னால் முதல் பக்கம் முழுக்க மகனுக்கு வேலை, மகளுக்கு நல்ல வரன், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை குறைய வேண்டும் என்றே இருக்கும். அதெல்லாம் வேண்டுதல். சாமி முன்னால் சொல்லிக்கொள், தப்பில்லை. நோட்டில் ‘நான்’ என்று தொடங்குகிற வாக்கியம் மட்டும் வரட்டும். முதலில் கை ஓடாது, கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வரும். அதற்காக நோட்டை மூடிவிடாதே.

2. நடந்ததா இல்லையா என்று அடுத்த வீட்டுக்காரி பார்த்துச் சொல்கிற மாதிரி எழுது. ‘தன்னம்பிக்கையோடு வாழ்வேன்’ என்று எழுதினால் அது என்றைக்கு நடந்தது என்று உனக்கே தெரியாது. ‘பொங்கலுக்குள் ஸ்கூட்டியை நானே ஓட்டிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போய் வருவேன்’ என்று எழுது. தேதியும் இடமும் இருக்கட்டும்.

3. கற்பனை செய். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காராதே, போகிற வழியைப் பார். எனக்குத் தெரிந்த வரையில் இந்த விஷயத்தில் இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

அமெரிக்காவில் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களை வைத்து கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் செய்த ஆய்வு 1991-ல் வெளிவந்தது. ‘என்னால் முடியும்’ என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே இளைத்தார்கள். ஆனால் இளைத்த உடம்போடு வலம் வருவதைத் தித்திப்பாகக் கனவு கண்டவர்கள், அப்படிக் கனவு காணாதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகத்தான் இளைத்தார்கள். கனவிலேயே கிடைத்துவிட்டதால் மனசு திருப்திப்பட்டு ஓய்ந்துவிடுகிறது என்பது அவர் கண்ட காரணம். கலிபோர்னியாவில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களைச் சோதித்து 1999-ல் எழுதியதும் இதையொட்டித்தான் இருக்கிறது. நல்ல மார்க் வாங்கிவிட்டதாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகப் படித்தார்கள். உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் சீக்கிரமே படிக்கத் தொடங்கி மார்க்கும் கூடுதலாக வாங்கினார்கள்.

அதனால் ஸ்கூட்டி ஆசைக்காரி எதைக் கண்ணுக்குள் கொண்டுவர வேண்டும்? காற்றில் முந்தானை பறக்கப் போவதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொள், போதும். மிச்ச நேரத்தில் இதைப் பார்: எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிப்பது, நாற்பதைத் தாண்டியவள் என்பதால் டாக்டரிடம் போய் மருத்துவச் சான்று வாங்குவது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போக்குவரத்துச் சின்னங்களுக்குப் பதில் சொல்வது, அதற்குப் பிறகு குறைந்தது 30 நாள் எல் போர்டு மாட்டி ஓட்டிப் பழகுவது, கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போடுவது. எட்டுப் போடும்போது திருப்பத்தில் வண்டி சாய்கிற அந்த இடத்தில் கால் தானாகத் தரையைத் தேடும். காலை ஊன்றாமல், பார்வையை அடுத்த வளைவில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை விடாமல் மெதுவாகத் திருப்புவதை மனசுக்குள் ஓட்டிப் பார். இந்தக் கற்பனை உனக்கு வேலை செய்யும்.

4. தடை எது என்றும் அதே பக்கத்தில் எழுது. ‘கெட்டதை நினைக்காதே, அதுவே வந்துவிடும்’ என்று பயமுறுத்துவார்கள். பயப்படாதே. ஓட்டிங்கனே சொல்லித்தருகிற முறையில் நான்கு படிகள்: என்ன ஆசை, நிறைவேறினால் என்ன நன்மை, எனக்குள் எது தடுக்கிறது, அதற்கு என்ன திட்டம். மூன்றாவதில்தான் நாம் எல்லோரும் வழுக்குகிறோம். மாமியார், வீட்டுக்காரர், நேரமின்மை என்று எழுதிவிடுவோம். அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அதற்கும் கீழே, ‘இந்த வயசில் இதெல்லாம் எதுக்குன்னு நாலு பேர் கேட்டால் கூசிப்போய்விடுகிறேன்’ என்று ஒரு வரி இருக்கும். அதை எழுது.

பிறகு திட்டத்தை ‘இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்’ என்று அமை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்து பலன் கண்ட முறை இது. ‘சாயங்காலம் ஐந்து மணிக்கு விருந்தாளி வந்தால், மறுநாள் காலை ஆறு மணிக்கே ஓட்டிவிடுவேன்.’ ‘யாராவது கேலி பேசினால், ஆமாம், கத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுப்பேன்.’ முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் அந்த நேரத்தில் தயங்க வேண்டியிருக்காது.

5. எண்ணியதை எண்ணியபடியே அடையலாம் என்கிற 666-ஆவது குறளை மேனிஃபெஸ்டேஷன் வகுப்புகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். எண்ணியவர் உறுதியுள்ளவராக இருந்தால் என்று வள்ளுவர் போட்ட நிபந்தனையையும் சேர்த்துப் படி. அந்தக் குறள் இருக்கிற அதிகாரம் வினைத்திட்பம். அடுத்த அதிகாரம் வினைசெயல்வகை.

6. உடம்பைக் கவனிக்காமல் ஆசையை மட்டும் வளர்க்காதே. மாதவிடாய் நிற்கிற காலத்தில் திடீரென்று உடம்பு தகிக்கும், தூக்கம் போகும், காரணமில்லாமல் அழுகை வரும். அதை ‘என் எனர்ஜி சரியில்லை’ என்று நினைத்துக்கொள்ளாதே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடு. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு உதிரம் பட்டாலோ மார்பில் கட்டி தென்பட்டாலோ, நோட்டை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போ. நினைப்பால் கட்டியைக் கரைக்கலாம் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதே.

7. ஆசையை நிறைவேற்றக் கற்றுத்தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டால் கட்டாதே. அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் ஆர்.டி. போடு. மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம், ஐந்து வருடத்தில் முதிர்ந்துவிடும். பாஸ்புக் உன் பெயரில் இருக்க வேண்டும். சின்னதாகத் தொழில் தொடங்குகிற ஆசை என்றால், மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கும் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

8. யாரிடமும் சொல்லாதே, திருஷ்டி படும் என்பார்கள். ஊரெல்லாம் சொல்ல வேண்டாம்தான். ஆனால் இரண்டு மூன்று பெண்களிடம் சொல். வாராவாரம் ‘என்னடி ஆச்சு’ என்று கேட்கிறவர்களாகப் பார்த்துச் சொல். மதுரை அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை நினைத்துக்கொள். விவசாயக் கூலி, பள்ளிக்கூடம் போகாதவர். களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுவில் பெண்களைச் சேர்த்து, கந்துவட்டிக்காரர்களிடமிருந்து மீட்டார். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. வட்டிக் கடனிலிருந்து வெளியே வர வேண்டும் என்ற ஆசை அங்கே ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக இருந்ததுதான். மற்றவர்கள் முன்னால் சொல்லி, மாதாமாதம் பணம் கட்டிக் கணக்குப் பார்த்தபோது அது நடந்தது.

9. நடக்கவில்லை என்றால் உன்னை நீயே குற்றவாளி ஆக்கிக்கொள்ளாதே. ரோண்டா பைர்ன் எழுதிய ‘தி சீக்ரெட்’ 2006-ல் வந்த பிறகு, நமக்கு நேர்வதையெல்லாம் நம் எண்ணமே இழுத்து வருகிறது என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கணவனை இழந்தவளிடமும், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவளிடமும், புற்றுநோயோடு இருக்கிறவளிடமும் ‘உன் எண்ணம்தான் இதைக் கொண்டுவந்தது’ என்று சொல்வது கொடுமை. எட்டுப் போடுவதில் தவறினால் மறுபடி தேதி வாங்கிப் போடு. அந்த ஆசையே இப்போது சரிப்படவில்லை என்றால் தேதியைத் தள்ளிவை, இல்லை வேறு ஆசையை எழுது. எந்த ஆசையும் உன் மதிப்பைத் தீர்மானிக்காது.

10. ஒரே வரியை ஒன்பது தடவை எழுதுகிற நேரத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் விட்ட படிப்பைத் தொடர்வதோ, எல்.எல்.ஆரோ, உன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கோ, உன் ஆசை எதுவோ அதற்கான முதல் விண்ணப்பத்தை இந்த மாதமே போடு, தங்கச்சி. வீட்டில் அனுமதி கேட்டு நிற்காதே, தகவலாகச் சொல்லிவிட்டுப் போ.