தொட்டில் மட்டும் போதுமா?

கேள்வி: உயிரின் மாண்பு கோயில் பிரசங்கத்துக்கு உரிய விஷயம். அதைத் தேர்தலுக்குள் ஏன் இழுக்க வேண்டும்?
– வாசகர், வெள்ளக்கடை, ஏற்காடு

பதில்: உங்கள் மலையடிவாரத்துச் சேலத்தையே பாருங்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது அங்கேதான். பெற்றோர் கைவிட்ட பெண் குழந்தையை அரசே ஏற்றுக்கொண்டது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. மனிதர் ஒவ்வொருவரும் கடவுளின் சாயல் என்று நம்புகிறவர்கள் இவற்றை அரசியல் என்று ஒதுக்க முடியுமா? பிரசங்கத்தால் மட்டும் இவை வந்திருக்காது.

ஆனால் தொட்டில் குழந்தையை மட்டுமே காத்தது. தாயை நெருக்கிய வரதட்சணை அப்படியே இருக்கிறது. அதைத் தடைசெய்து 1961-லேயே சட்டம் வந்தும், நம் கிறிஸ்தவக் கல்யாணங்களிலும் நகைக்குப் பேரம் நடக்கிறதே! ஓட்டு கேட்டு வருகிறவரிடம், துணையில்லாத கர்ப்பிணிக்கு என்ன உதவி செய்வீர்கள் என்று கேளுங்கள். வரதட்சணைக் கல்யாணத்தை நடத்தி வைப்பீர்களா என்று பங்குத்தந்தையிடமும் கேளுங்கள்.