மலை இறங்க நூறு சதவீத சார்ஜ் வேண்டாம்

கேள்வி: வேலைக்குத் தினமும் பென்னாகரத்திலிருந்து தருமபுரி போய் வருகிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஒகேனக்கல்லும் போயாக வேண்டும். நெக்ஸான் கார் வாங்க நினைக்கிறேன். பெட்ரோலா, கரண்டா என்பதில்தான் குழப்பம். "பேட்டரி வண்டி வெயிட்டு. மேடு ஏறத் திணறும், இறக்கத்துல பிரேக் நிக்காது, டயரைத் தின்னுடும்" என்கிறார் எங்கள் மெக்கானிக். நிஜமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: டயர் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள். மேடு விஷயத்தில் வேண்டாம்.

கனம் உண்மைதான். பெட்ரோல் நெக்ஸான் சுமார் 1,230 கிலோ. மின்சார நெக்ஸான் 1,400 கிலோவை ஒட்டி வரும். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட்கூடத் தேறாது. அதனால்தான் இத்தனை பெரிய பேட்டரி.

அந்தக் கூடுதல் 170 கிலோவை 100 மீட்டர் உயரம் ஏற்ற ஆகும் மின்சாரம் சுமார் 0.05 யூனிட். மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை உண்டு. ஒகேனக்கல்லிலிருந்து திரும்பும்போது கியரை மாற்றி மாற்றித் திணறப்போவது பெட்ரோல் வண்டிதான்.

இறக்கம்தான் யோசிக்க வேண்டிய இடம். கனமான வண்டியை நிறுத்த பிரேக்குக்கு வேலை அதிகம். ஆனால் மின்சார வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். பேட்டரியும் கொஞ்சம் ஏறும். இங்கே ஒரு சிக்கல்: பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை, பிடிப்பும் குறைந்துவிடும். பென்னாகரத்தில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு நேரே மலை இறங்கினால் முழுப் பாரமும் பிரேக் பேடில்தான் விழும். அன்றைக்கு எண்பத்தைந்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கம் நம் பக்கத்தில் பலருக்கு உண்டு. பெட்ரோல் வண்டியிலேயே ஆபத்தான வேலை அது. இந்த வண்டியில் அந்தப் பிடிப்பையும் சேர்த்துத் தொலைத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் கனம் உங்களுக்குச் சாதகம். பேட்டரி தரையோடு தரையாக இருப்பதால் வண்டி சாய்ந்தாடுவது குறைவு.

டயர் கட்டாயம் சீக்கிரம் தேயும். கனம் ஒரு காரணம், சிக்னலில் சீறிக் கிளம்பும் ஆசை இன்னொன்று. கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்றழுத்தத்தை மாதம் இருமுறையாவது பாருங்கள். டயர் மாற்றும்போது பக்கவாட்டில் உள்ள எடை எண்ணைக் கவனியுங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும்; 95 என்றால் 690. கம்பெனி போட்டுத் தந்த எண்ணுக்குக் குறைந்ததை, விலை மலிவு என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள்.

பஞ்சர் கடையில் ஜாக்கி வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். குறியிட்ட இடத்தில்தான் வைக்க வேண்டும்; நடுவில் வைத்தால் அது பேட்டரிப் பெட்டி.